ஃபேன் 108 டிகிரியில்தான் ஓடுகிறது என்றால் அது கோளாறா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது 1980களின் இறுதியில் வந்த சி4 (நான்காம் தலைமுறை) செவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், எல்98 எஞ்சின். நெடுஞ்சாலையில் 92, 93 என்று நிற்கிற கூலன்ட் வெப்பம், நெரிசலில் ஊர்ந்தால் மெல்ல ஏறி 108 டிகிரியைத் தொடுகிறது. அதற்குப் பிறகுதான் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கிறது. 100 பக்கம் இறங்கியதும் நின்றுவிடுகிறது, மறுபடி ஏறுகிறது. இதைப் பார்த்து, 71 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் (கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடும் வால்வு) ஒன்றும் ஃபேனைச் சீக்கிரமே ஓடவைக்கும் ஸ்விட்ச் ஒன்றும் வாங்கலாமா, இல்லை டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்து ஃபேனைக் கையாலேயே ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்னது கோளாறின் அடையாளம் அல்ல. அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அப்படித்தான் நடந்துகொண்டது. எல்98 கார்வெட்டில் முதல் ஃபேன் சுமார் 108 டிகிரியில் ஓடும்படிதான் எஞ்சினின் கணினியான இசியூவில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது ஃபேன் இருக்கிற வண்டிகளில் அது சுமார் 114-ல்தான் எழும்பும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டியை எடுத்துக்கொண்டால் அதிலும் முதல் வேகத்தில் ஃபேன் ஓட 105 டிகிரி ஆக வேண்டும். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இதே கதைதான். எஞ்சின் சூடாக இருந்தால் எரியாத பெட்ரோல் புகையில் குறைவாகப் போகும்; ஃபேன் குறைவாக ஓடினால் ஆல்டர்னேட்டருக்குப் பாரமும் சத்தமும் குறையும். மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையில் தேற வேண்டிய பொறியாளருக்கு 108 ஒரு நல்ல எண்.

ஆனால் "தொழிற்சாலை அமைப்பு, பயப்படாதே" என்று சொல்லி முடித்துவிட முடியாது. அந்த 108 புது வண்டிக்கு எழுதிய எண். புது ரேடியேட்டர், புது மூடி, கறை படியாத கனெக்டர் எல்லாம் இருக்கும்போது அது பத்திரமான எண். முப்பது வருடம் கழித்து அதே 108 பத்திரமா என்பது ஃபேனைப் பொறுத்தது அல்ல, ஃபேனைச் சுற்றியுள்ள மற்ற சாமான்களைப் பொறுத்தது. அதில் முதல் இடம் ரேடியேட்டர் மூடிக்கு.

தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட், அழுத்தம் இல்லாத நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி போட்டால் அதே கூலன்ட் சுமார் 129 வரை கொதிக்காது. இந்த இரண்டு எண்களையும் உங்கள் 108-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடி நன்றாக இருந்தால் கொதிநிலைக்கு இன்னும் 20 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போயிருந்தால், ஃபேன் ஓடத் தொடங்கும் முன்பே கூலன்ட் கொதிக்கத் தொடங்கிவிடும். மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண்தான் தெரியும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இடைவெளி இன்னும் குறுகல்: அதே மூடியோடு சுமார் 120, மூடி போனால் 100. தண்ணீருக்கு வெப்பம் சுமக்கும் திறன் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் துரு, கொதிநிலை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெருவில் ஓடும் காருக்கு அது சரிப்படாது.

இன்னொன்று: சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள உலோகம் கூலன்டைவிட மிகவும் சூடானது. அங்கே உலோகத்தின் தோலில் சின்னச் சின்னக் குமிழ்கள் எப்போதும் எழுந்துகொண்டே இருக்கும். அழுத்தம் இருந்தால் அவை உடனே கரைந்துவிடும். அழுத்தம் இல்லையென்றால் குமிழ்கள் சேர்ந்து ஆவிப் படலமாகிவிடும். ஆவி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சென்சாருக்குப் பக்கத்தில் 105 காட்டும்போதே ஹெட்டின் ஒரு மூலை வேகத் தொடங்குவது இப்படித்தான். ஆகவே முதல் வேலை, ஃபேன் ஸ்விட்சை மாற்றுவது அல்ல, புத்தகத்தில் போட்டிருக்கிற அதே அழுத்தத்துக்கு நல்ல மூடி ஒன்று போடுவது. அதைவிட அதிக அழுத்த மூடி போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஹோஸும், ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரும் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் கையை விரித்துவிடும்.

அடுத்து, 108 என்று காட்டும் எண்ணையே நம்பலாமா என்று பார்க்க வேண்டும். பழைய கார்களில் மீட்டருக்கு ஒரு சென்சார், இசியூவுக்கு ஒரு சென்சார், சில வண்டிகளில் இரண்டாவது ஃபேனுக்குத் தனியாக ஒரு ஸ்விட்ச் என்று மூன்று இடங்களில் வெப்பத்தை அளப்பார்கள். மூன்றும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மீட்டர் முள் இன்னும் மோசம். எஃப்டி ஆர்எக்ஸ்-7-ன் முள் பெரிய வெப்ப இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. அது அசையத் தொடங்கும்போது காரியம் கைமீறிக்கொண்டிருக்கும். ரோட்டரி எஞ்சினில் ஒருமுறை அதிகமாகச் சூடானால் கூலன்ட் சீல்கள் போய்விடும் என்பதால் அந்தக் காரின் உரிமையாளர்கள் முதலில் வாங்குவதே தனி டெம்பரேச்சர் மீட்டர்தான். உங்கள் காரில் எண்ணாகவே தெரிகிறது, அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஆனாலும் இசியூ என்ன நினைக்கிறது என்பதை ஸ்கேனர் வழியாகப் பார்த்து, டேஷ்போர்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இசியூ சென்சாரை மல்டிமீட்டரில் அளப்பது எளிது. உங்கள் காரைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் போட்ட சென்சாருக்கு 20 டிகிரியில் சுமார் 3,520 ஓம், 80-ல் 332, 90-ல் 241, 100-ல் 177 ஓம் இருக்க வேண்டும். சூடு ஏற ஏற ஓம் குறையும், அதுவும் மேலே போகப் போக மிகச் சின்னப் படிகளாகக் குறையும். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. 100-லிருந்து 110-க்குப் போக ஐம்பது ஓம்கூட வித்தியாசம் இல்லை. கனெக்டரில் பச்சைக் கறை பிடித்து இருபது ஓம் கூடுதலாகச் சேர்ந்தால்கூடப் போதும், இசியூ "இன்னும் 108 ஆகவில்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கூலன்ட் ஐந்து டிகிரிக்கு மேல் தாண்டியிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் அதே இருபது ஓம் ஒன்றுமே இல்லை, அதனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எந்தக் குறையும் தெரியாது. ஃபேன் தாமதமாக ஓடுகிறது என்று சொல்லி வருகிற பல வண்டிகளுக்கு ஃபேனும் தேவையில்லை, ஸ்விட்சும் தேவையில்லை. கனெக்டரைச் சுத்தம் செய்து, அதன் பின்களை இறுக்கி, கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினால் தீர்ந்துபோகும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருந்தால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் பிடித்துப் பாருங்கள். ஆனால் பளபளப்பான அலுமினியத்தின் மேல் பிடித்தால் பொய் சொல்லும், பெரும்பாலும் குறைத்துச் சொல்லும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடிக்க வேண்டும்.

தனி ஸ்விட்ச் வைத்து ஃபேனை ஓட்டும் வண்டிகளில், அந்த ஸ்விட்சைக் கழற்றிச் சூடான தண்ணீரில் போட்டு எந்த டிகிரியில் இணைகிறது என்று பார்ப்பது வழக்கம். அதில் ஒரு சிக்கல்: 105 டிகிரி ஸ்விட்சைத் தண்ணீரில் சோதிக்க முடியாது, தண்ணீர் 100-ஐத் தாண்டாது. இதைத் தெரியாமல் நல்ல ஸ்விட்சைச் செத்துப்போனதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். கூலன்ட் கலவையில் போட்டால் 105 வரை வரும், ஆனால் கிளைக்கால் விஷம். சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தில் வைத்துவிடாதீர்கள், ஆவியையும் மூச்சில் இழுக்காதீர்கள்.

ஸ்விட்சின் எண்ணைப் பற்றி இன்னொரு குழப்பமும் உண்டு. ஐரோப்பிய வண்டிகளின் ஸ்விட்ச் மேல் 95-84, 102-91 என்பதுபோல் இரண்டு இரண்டு எண்ணாகப் பொறித்திருக்கும். முதல் வேகம் 95-ல் தொடங்கி 84-ல் நிற்கும், இரண்டாம் வேகம் 102-ல் தொடங்கி 91-ல் நிற்கும் என்று அர்த்தம். "பார், அவர்கள் 95-லேயே ஓட்டுகிறார்கள், நம் கார் மட்டும் 108 வரை காத்திருக்கிறது" என்று ஒப்பிடத் தோன்றும். ஒப்பிட முடியாது. பல வண்டிகளில் அந்த ஸ்விட்ச் ரேடியேட்டரின் பக்கத் தொட்டியில், பெரும்பாலும் ஓரளவு ஆறின கூலன்ட் இருக்கும் இடத்தில் இருக்கும். அங்கே 95 என்றால் எஞ்சினை விட்டு வெளியே வரும்போது அதைவிடச் சூடாக இருந்திருக்கும். எஞ்சின் பக்கத்துச் சென்சாரின் 105-ம் ரேடியேட்டர் ஸ்விட்சின் 95-ம் ஏறக்குறைய ஒரே நிலைமையைச் சொல்லலாம்.

இனி நீங்கள் கேட்ட தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட் தரை, ஃபேன் கூரை. எஞ்சின் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைத் தெர்மோஸ்டாட் முடிவு செய்கிறது. வண்டி நிற்கும்போது எவ்வளவு மேலே ஏறலாம் என்பதை ஃபேன் முடிவு செய்கிறது. உங்கள் காரின் அசல் தெர்மோஸ்டாட் சுமார் 91 டிகிரியில் திறக்கத் தொடங்கும். நெடுஞ்சாலையில் 92, 93 நிற்பது எதைக் காட்டுகிறது? ஓட்டத்தில் வரும் காற்றே போதும், ரேடியேட்டருக்குக் கையில் மிச்சம் இருக்கிறது, தெர்மோஸ்டாட்தான் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டுகிறது. அப்படிப்பட்ட காரில் 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் நெடுஞ்சாலையில் 75-க்கு இறங்கும். நெரிசலில்? அதே 108. தரையைத் தாழ்த்தினால் கூரை தாழாது. ஏறுவதற்குச் சில நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான் லாபம்.

நஷ்டம் அதைவிடப் பெரிது. கூலன்ட் 71, 75 என்று ஓடினால் ஆயில் 100 டிகிரியை எட்டுவது அரிது. எரிதலில் உண்டாகும் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும், ஆவியாகி வெளியேறாது. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் தேய்மானம் கூடும். இசியூவுக்கு எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்ற நினைப்பு இருந்தால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வீணாகும். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு 71-க்கு ஏதாவது நியாயம் சொல்லலாம். தெரு வண்டிக்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. 82 போடலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டுங்கள் என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். போர்ஷே 944 மாதிரி சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத்தில் இன்னொரு தட்டு இருக்கும். முன்பக்கம் திறக்கும்போது அது பின்னால் உள்ள பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸ் வழியாகச் சுற்றி எஞ்சினுக்கே திரும்பும். குளிரவைக்கச் செய்த வேலை சூடாக்கும்.

எங்கே தேட வேண்டும் என்பதை வண்டியின் வேகமே சொல்லிவிடும். மணிக்கு சுமார் 50 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஃபேனுக்கு வேலை கிடையாது, முன்னால் மோதும் காற்றே போதும். நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் ஃபேன், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள உறை), வயரிங் பக்கம் பாருங்கள். நின்றால் சரி, வேகமாக ஓடினால் சூடு என்றால் ஃபேனைத் தொடவே வேண்டாம்; ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், வேகத்தில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், காற்று வழி இவற்றைப் பாருங்கள். இரண்டிலும் சூடு என்றால் கூலன்ட் குறைவு, ஏர் லாக், தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியது, கடைசியாக ஹெட் கேஸ்கட்.

சி4-ல் காற்று வழி தனிக் கதை. அந்தக் காருக்கு முன்பக்கம் கிரில் என்று பெயருக்குக்கூட ஒன்றும் இல்லை. காற்றைப் பம்பருக்குக் கீழே இருந்து உறிஞ்சுகிறது. கீழே தொங்கும் ஏர் டேம்தான் காற்றை மேலே ரேடியேட்டர் பக்கம் திருப்பி விடுகிறது. வேகத்தடையில் உரசிக் கிழிந்துபோன அந்த மலிவான பிளாஸ்டிக்கைத் திரும்பப் போடாமல் விட்டவர்கள், நெடுஞ்சாலையில் ஏன் சூடேறுகிறது என்று ரேடியேட்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். கீழே இருந்து உறிஞ்சுவதால் இன்னொரு தொல்லை: சாலையில் கிடக்கும் சருகு, பாலிதீன் பை, பஞ்சு, மணல் எல்லாம் மேலே ஏறி ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் சேரும். முன்னால் குனிந்து பார்த்தால் கன்டென்சர் சுத்தமாகத் தெரியும். பின்னால் எஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத் தெரியும். நடுவில் மெத்தை போலக் குப்பை. ஷ்ரவுடின் மேல் பகுதியைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். உங்கள் வண்டியில் இதை இதுவரை யாரும் செய்யவில்லை என்றால், மற்ற எதையும் தொடும் முன் இதைச் செய்யுங்கள். அழுத்தம் அதிகமான வாட்டர் கன்னைப் பக்கத்தில் பிடித்தால் ஃபின்கள் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்) மடங்கிவிடும். சாதாரண ஹோஸில், எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும்.

கழற்றிய கையோடு ஷ்ரவுட் ஓரத்தில் இருக்கும் ஃபோம் பட்டைகளையும் பாருங்கள். ஃபேன் சோம்பேறி, காற்று எந்தப் பக்கம் சுலபமாக வருகிறதோ அங்கிருந்து இழுக்கும். ரேடியேட்டர் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஃபின்கள் வழியாக இழுப்பதற்குப் பதிலாக அந்த ஓட்டை வழியாக எஞ்சின் அறையின் சூடான காற்றையே இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். வெளியில் வாங்கிய ஃபேன் போட்டிருந்தால் அது சுற்றும் திசையையும் சோதியுங்கள். வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் ஓடும், சத்தமும் வரும், ஆனால் காற்று எதிர்த்திசையில் போகும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். ஒரு காகிதத்தைக் கன்டென்சருக்கு முன்னால் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இனி மின்சாரம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் "ஃபேன் ஓடுகிறது" என்பதும் "ஃபேன் வேலை செய்கிறது" என்பதும் ஒன்றல்ல. இவ்வகை ஃபேன் சுமார் 15 முதல் 25 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும், 40 வாட் சூடும் அங்கேயே உண்டாகும். பழைய ஃபேன் கனெக்டர்களின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பதற்குக் காரணம் இதுதான். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஃபேன் முனையில் 11.5 என்றால் வேகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது, காற்றும் அதே அளவு போய்விட்டது. காதுக்கு வித்தியாசமே தெரியாது.

அளக்கும் முறை: ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை ஃபேன் கனெக்டரின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்), ஃப்யூஸ் தாங்கி, கனெக்டர் என்று ஒவ்வொன்றாக நடுவில் தொட்டுப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். அதையே நெகட்டிவ் பக்கமும் செய்யுங்கள். கார்வெட்டின் உடல் ஃபைபர்கிளாஸ். மற்ற கார்களில் போலப் பக்கத்துத் தகட்டில் எர்த் பிடித்துவிட முடியாது, எர்த் வயர் எல்லாம் தூரமாக ஃப்ரேமுக்கோ எஞ்சினுக்கோ போகும். அந்த போல்ட் துருப்பிடித்தால் ஃபேன் மட்டுமல்ல, பல சாமான்கள் கிறுக்குத்தனம் செய்யும். வயரிங் எல்லாம் சரி, 13 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, ஆனாலும் ஃபேன் தளர்வாகச் சுற்றுகிறது என்றால் மோட்டாரின் பிரஷ்ஷும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. எஞ்சினை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கையால் சுற்றிப் பார்த்தால் உரசல் தெரியும். பேட்டரியைக் கழற்றுங்கள் என்று சும்மா சொல்லவில்லை. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாக எழும்பும், விரல் போய்விடும்.

இத்தனையும் பார்த்த பிறகு, எல்லாம் சரியாக இருந்தும் 108 உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், குறைப்பதில் தப்பில்லை. நியாயமான காரணங்களும் உண்டு. சூடு ஏற ஏற எஞ்சின் அறையில் உறிஞ்சும் காற்றும் சூடாகும், நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) வரும், நாக் சென்சார் ஸ்பார்க் டைமிங்கைப் பின்தள்ளும், வண்டி மந்தமாகும். பழைய ரப்பரும் வயரும் பிளாஸ்டிக்கும் குறைந்த சூட்டில் நாள்பட உழைக்கும். என் சிபாரிசு, இரண்டையும் ஜோடியாக மாற்றுவது: 82 டிகிரி தெர்மோஸ்டாட், ஃபேன் சுமார் 97 முதல் 99-ல் தொடங்கி 91, 92-ல் நிற்கும்படி.

ஏன் இந்த இடைவெளி என்றால், தெர்மோஸ்டாட் 82-ல் திறக்கத் தொடங்கும், ஆனால் முழுதாகத் திறக்க இன்னும் பத்து டிகிரிக்கு மேல் ஆக வேண்டும். அது பாதி திறந்திருக்கும்போது ஃபேனை ஓட்டுவது வீண்; ரேடியேட்டரில் போதிய கூலன்டே ஓடவில்லை. ஃபேன் நிற்கும் எண் தெர்மோஸ்டாட்டின் எண்ணுக்கு மிக அருகில் இருந்தால் நெரிசலில் ஃபேன் நிற்கவே நிற்காது. அதற்குக் கீழே போய்விட்டால் கேட்கவே வேண்டாம்: தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், ஃபேன் அதைக் கீழே இழுக்கப் பார்க்கும், மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்தான் தேயும். கடையில் 93-ல் தொடங்கி 85-ல் நிற்கும் ஸ்விட்ச் பரவலாகக் கிடைக்கிறது. 82 தெர்மோஸ்டாட்டோடு அது வேலை செய்யும், ஆனால் வெயிலில் ஊர்ந்தால் ஏறக்குறைய ஓயாமல் ஓடும். அசல் 91 தெர்மோஸ்டாட்டை வைத்துக்கொண்டு அதைப் போட்டீர்களானால் ஃபேன் ஒருமுறை எழும்பியபின் நிற்க வழியே இல்லை.

எப்படி மாற்றுவது? சுத்தமான வழி இசியூவின் சிப்பில் உள்ள எண்ணையே மாற்றி எழுதுவது. எல்98-க்கு அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஏசி போடும்போது ஃபேன் ஓடுவது உட்பட மற்ற எல்லாம் அப்படியே இருக்கும். அடுத்தது தனி ஃபேன் கன்ட்ரோலர், தனக்கென்று சென்சாரோடு. அது நல்ல வழிதான், ஆனால் சென்சாரை ரேடியேட்டர் ஃபின்னில் குத்தி வைக்கச் சொல்லும் வகை வேண்டாம். அது ஃபின்னின் வெப்பத்தைத்தான் சொல்லும், கூலன்டின் வெப்பத்தை அல்ல. கூலன்டில் நனையும் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். எஃப்டி ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் முந்தைய எஃப்சி மாடலின் ஸ்விட்சைப் போட்டு 105-ஐ 95 ஆக்கிக்கொள்வது பழைய, மலிவான, நம்பகமான வேலை.

செய்யக்கூடாத வழி ஒன்று உண்டு. சென்சாருக்குப் பக்கவாட்டில் ஒரு ரெசிஸ்டர் போட்டு இசியூவை ஏமாற்றுவது. உள்ளதைவிடச் சூடு என்று நம்பி ஃபேனை முன்கூட்டி ஓட்டும் என்பது சரி. அதே நம்பிக்கையில் பெட்ரோல் அளவையும் டைமிங்கையும் மாற்றும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கையால் இயக்கும் ஸ்விட்ச் பற்றி: வைக்கலாம், எனக்கும் அது பிடிக்கும், நெரிசல் கண்ணுக்குத் தெரிந்ததும் முன்கூட்டியே தட்டிவிடலாம். ஆனால் அந்த ஸ்விட்ச் ஃபேனை ஓடவைக்க மட்டும்தான் முடிய வேண்டும், நிறுத்த முடியக்கூடாது. ரிலே காயிலின் எர்த் வயரில், இசியூவின் வழிக்கு இணையாக இன்னொரு எர்த் வழி கொடுத்தால் அப்படி அமையும். நீங்கள் தட்ட மறந்தாலும் இசியூ 108-ல் தன் வேலையைச் செய்யும். 20 ஆம்பியரை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக இழுத்துக் கொண்டுவந்தால் அது தீப்பிடிக்கும் வேலை. சாவியை எடுத்ததும் அணையும் மின்வழியிலிருந்து ரிலேக்கு ஊட்டம் கொடுங்கள், இல்லையென்றால் காலையில் பேட்டரி படுத்திருக்கும்.

ஓட்டத்தில் 108-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணையுங்கள். சி4-ல் ஏசி வாயுவின் அழுத்தம் ஏறினால் இசியூ ஃபேனை ஓட்டும் என்பதால் ஏசி போட்டு ஃபேனை எழுப்பும் தந்திரம் உண்டு. 95, 100-ல் அது பரவாயில்லை, 115-ல் கன்டென்சரின் சூட்டையும் சேர்த்து ரேடியேட்டர் தலையில் கட்டுவது தற்கொலை. ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். அது ஒரு சின்ன ரேடியேட்டர், உங்களை வேகவைத்துக்கொண்டே எஞ்சினிலிருந்து சில டிகிரியைப் பிடுங்கிக் கொடுக்கும். 120-க்கு மேல் என்றால் ஓரம் கட்டி எஞ்சினை அணைப்பதுதான் ஒரே வழி. அணைத்தபின் எண் இன்னும் கொஞ்சம் ஏறும், பயப்பட வேண்டாம். பம்ப் நின்றதால் உலோகத்தின் சூடு தேங்கிய கூலன்டுக்கு வருகிறது. மூடியை மட்டும் கையால் தொடாதீர்கள். அழுத்தம் விடுபட்ட நொடியில் 110 டிகிரி கூலன்ட் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

குப்பையை எடுத்து, மூடி மாற்றி, கனெக்டரைச் சுத்தம் செய்த பிறகு நான்கு அளவுகளை எனக்கு எழுதுங்கள்: எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது இசியூ சென்சாரின் ஓம், அதே நேரத்தில் டேஷ்போர்டு காட்டும் டிகிரி, ஃபேன் ஓடும்போது அதன் கனெக்டரில் கிடைக்கும் வோல்ட், ஏசி இல்லாமல் நின்ற இடத்தில் 108-லிருந்து 100-க்கு இறங்க ஆகும் நேரம். சட்டென்று இறங்கினால் தெர்மோஸ்டாட், சிப் பற்றி மட்டும் பேசினால் போதும். ஃபேன் முழு வோல்ட்டில் ஓடியும் 106-க்குக் கீழே வர மறுத்தால் ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு இருக்கிறது, அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.